வாசகர் கேள்வி பதில்: உவர்மலை ஏறிய ஃபோர்ட்

சென்ற இதழில், திருகோணமலையில் ஒரு காலத்தில் ஓடிய பழைய கார்களைப் பற்றி எழுதிய பதிலில் ஃபோர்ட் என்ற பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போயிற்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த மாதம் இப்பகுதி முழுவதையும் அந்த நிறுவனத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் அப்பப்பா கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஃபோர்ட் பிரிஃபெக்ட் கார் வைத்திருந்தார். அது அமெரிக்கக் கார் என்றே வீட்டில் சொல்லுவோம். பக்கத்து வீட்டு ஐயா அது இங்கிலாந்துக் கார் என்று அடித்துச் சொல்லுகிறார். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், உவர்மலை

பெயர் அமெரிக்காவினுடையது, பிறப்பு இங்கிலாந்தினுடையது. பந்தயம் கட்டியிருந்தால் பக்கத்து வீட்டு ஐயாதான் வென்றிருப்பார். ஃபோர்ட் நிறுவனம் 1911 இல் மான்செஸ்டர் நகரின் டிரஃபோர்ட் பார்க் பகுதியில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது; 1931 இல் தேம்ஸ் நதிக்கரையில் டேகனம் என்ற இடத்தில் மிகப் பெரிய தொழிற்சாலையைத் திறந்தது. பிரிஃபெக்ட், அங்கிலியா, கொன்சல், பின்னர் வந்த கோர்ட்டினா என நம் ஊரவர்கள் ஃபோர்ட் என்று அறிந்திருந்த கார்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலே வடிவமைக்கப்பட்டவை. பிரித்தானியாவில் அக்காலத்தில் எஞ்சின் உருளையின் விட்டத்தைக் கொண்டு வாகன வரி கணக்கிடப்பட்டதால், அமெரிக்காவின் பெரிய எஞ்சின்களை அங்கே விற்க முடியவில்லை. அதனால் 1932 இல் 'எட்டுக் குதிரைவலு' என்று பெயர்பெற்ற மொடல் வை என்ற சிறிய காரும், 1938 இல் அதற்கு மூத்த தமையனைப்போல 'பத்துக் குதிரைவலு' பிரிஃபெக்டும் வந்தன.

ஆனாலும் உங்கள் வீட்டார் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உங்கள் அப்பப்பாவின் கார் 1953க்கு முந்தியதாக இருந்தால், அதன் முன் அச்சின் மேல் குறுக்காக ஒரு வில் பட்டை இருந்திருக்கும். 1908 இல் டெட்ரொயிட் நகரில் உருவான மொடல் ரி காரிலும் அதே குறுக்கு வில்தான் இருந்தது. மற்றைய நிறுவனங்கள் அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், நிறுவனத்தைத் தொடங்கிய ஹென்றி ஃபோர்ட்டுக்குப் பிடித்தது என்ற காரணத்தால் அது ஃபோர்ட் கார்களில் தொடர்ந்தது.

பிரிஃபெக்ட்டை ஓட்டியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். அதன் கண்ணாடித் துடைப்பான் மின்சாரத்தால் இயங்கவில்லை. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் இழுவையால் இயங்கியது. முடுக்கியை அழுத்தினால் இழுவை குறையும், துடைப்பான் சோர்ந்துவிடும். மார்கழி மழையில் உவர்மலை ஏற்றத்தில் ஏறியவர்கள் பாதி வழியில் காலை எடுத்து, கண்ணாடியைத் துடைக்கவிட்டு, மறுபடி காலை வைத்து ஏறியிருப்பார்கள்.

காரைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஃபோர்ட் என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள். நான் பிழை போடுகிறேன். பிறகு எனக்கே சந்தேகம் வருகிறது. அவர் கண்டுபிடித்தது என்ன?
– ஆசிரியை, மூதூர்

பிழை போட்டது சரியே, ரீச்சர். பெற்றோலில் ஓடும் காருக்கு ஜேர்மனியின் கார்ல் பென்ஸ் 1886 இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கார்களைத் தொகையாகச் செய்து விற்பதிலும் ரான்சம் ஓல்ட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கர் ஃபோர்ட்டுக்கு முந்திக்கொண்டார்.

மிச்சிகன் மாநிலத்தின் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1863 இல் பிறந்த ஃபோர்ட், டெட்ரொயிட்டின் எடிசன் மின்சார நிறுவனத்தில் தலைமைப் பொறியியலாளராக இருந்துகொண்டே, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் தம் முதல் வண்டியைச் செய்தார். 1896 யூன் மாதத்தில் அது முடிந்தபோது, கொட்டிலின் கதவைவிட வண்டி அகலமாக இருப்பது தெரியவந்ததால், சுவரை இடித்தே அதை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அவர் பங்கெடுத்த முதல் இரண்டு நிறுவனங்களும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. இரண்டாவதிலிருந்து அவர் விலகிய பின்னர், அதுவே காடிலாக் என்ற பெயரில் பிழைத்தெழுந்து புகழ்பெற்றது. மூன்றாவதாக 1903 யூன் 16 ஆம் திகதி, கையில் 28,000 டொலர் முதலோடு தொடங்கப்பட்டதுதான் இன்றைய ஃபோர்ட் நிறுவனம். பணம் திரட்டியதில் ஒரு நிலக்கரி வியாபாரிக்குப் பெரும் பங்கு உண்டு. எஞ்சின்களைச் செய்து கொடுத்தவர்கள், பிற்காலத்தில் தங்கள் பெயரிலேயே கார் செய்த டொட்ஜ் சகோதரர்கள்.

ஃபோர்ட்டின் தொழிற்சாலையில் உருவான புதுமை, காரைச் செய்யும் முறையில் இருந்தது. அதற்கு முன்னர் கார் ஓரிடத்தில் நிற்கும்; வேலையாட்கள் கருவிகளோடு அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளில், தொங்கவிடப்பட்ட விலங்கின் உடல் ஆள் ஆளாக நகர்ந்து செல்ல, ஒவ்வொருவரும் ஒரே ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. அதைத் தலைகீழாக்கி, வெறும் சட்டகம் நகர்ந்து வர, ஒவ்வொருவரும் ஒரு துண்டைப் பொருத்தினால் என்ன என்ற யோசனையை ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் இருந்தவர்கள் 1913 இல் பரீட்சித்துப் பார்த்தார்கள். முதலில் தீப்பொறி தரும் மக்னெற்றோ என்ற சிறிய பகுதி. ஒருவர் தனியாகச் செய்தால் சுமார் 20 நிமிடம் எடுத்த அந்த வேலை, வரிசையாகப் பிரித்தபோது 13 நிமிடமாகி, பின்னர் 5 நிமிடமாகக் குறைந்தது. அடுத்ததாக முழுச் சட்டகத்தையும் கயிறு கட்டி இழுத்துச் சென்று பார்த்தார்கள். பன்னிரண்டரை மணித்தியாலம் பிடித்த பொருத்தும் வேலை, அடுத்த ஆண்டில் 93 நிமிடத்துக்கு இறங்கியது.

இது தனியொருவரின் மூளையில் உதித்தது என்று எழுதினாலும் பிழையே போடுங்கள். சார்ள்ஸ் சொரன்சன் போன்ற பலருடைய உழைப்பு அதில் இருக்கிறது. அவர்களைத் தடுக்காமல் விட்டதும், மிச்சமான செலவை இலாபமாக அள்ளாமல் விலையைக் குறைக்கப் பயன்படுத்தியதும் ஹென்றி ஃபோர்ட் செய்தவை.

"கறுப்பாக இருக்கும் வரை எந்த நிறமும் கிடைக்கும்" என்று அவர் சொன்னாராமே?
– தையற்கடை உரிமையாளர், கிண்ணியா

அப்படிச் சொன்னதாக அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனால் மொடல் ரி கார் 1908 இல் வந்தபோது கறுப்பாக வரவில்லை. சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறங்களில் வந்தது. 1914 தொடக்கம் 1925 வரையில்தான் கறுப்பு மட்டும் என்ற நிலை இருந்தது. கறுப்புப் பூச்சு மலிவு, நீடித்துழைப்பது, எல்லாக் கார்களுக்கும் ஒன்றே என்றால் வரிசை நிற்காமல் ஓடும் என்பவை காரணங்கள். 850 டொலருக்கு விற்கத் தொடங்கிய அந்தக் காரின் மிக மலிவான வகை, 1920களின் நடுப்பகுதியில் 260 டொலருக்குக் கிடைத்தது. அந்த விலைக்கு நிறம் பார்ப்பவர் எவர்?

"மக்களிடம் கேட்டிருந்தால் இன்னும் வேகமான குதிரைதான் கேட்டிருப்பார்கள்" என்று அவர் சொன்னதாக முகநூலில் சுற்றும் வாசகத்தை நம்ப வேண்டாம். அவர் அப்படிச் சொன்னதற்கோ எழுதியதற்கோ ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை.

மொடல் ரி காரை மலையில் பின்பக்கமாகத்தான் ஏற்றுவார்கள் என்று கேள்விப்பட்டேன். மெய்யா? ஃபோர்ட் உழவு இயந்திரமும் அதே கம்பனியா?
– கமக்காரர், தம்பலகாமம்

மெய்தான். அந்தக் காரில் பெற்றோலை இழுக்கும் பம்பி கிடையாது. முன் ஆசனத்துக்குக் கீழிருந்த தாங்கியிலிருந்து பெற்றோல் தன் பாரத்தாலேயே எஞ்சினுக்கு வழிந்தோடும். செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் மேலே நிமிர்ந்தால், தாங்கி தாழ்ந்து எஞ்சின் உயர்ந்துவிடும். தாங்கியில் பெற்றோல் குறைவாக இருந்தால் வண்டி நின்றுவிடும். திருப்பி ஏற்றினால் தாங்கி மேலே, எஞ்சின் கீழே. பின்னோக்கு கியருக்கு இழுவையும் கூடுதலாக இருந்தது.

இன்றைய சாரதி ஒருவரை அதில் ஏற்றிவிட்டால் பத்து அடி போக மாட்டார். இடப்பக்க மிதியை முழுவதும் அழுத்தினால் தாழ் கியர், விட்டால் உயர் கியர், நடுவில் பிடித்தால் கியரில்லை. நடு மிதி பின்னோக்கு. வலப்பக்க மிதி, நாம் பழக்கத்தில் வேகத்துக்கு மிதிக்கும் இடத்தில் இருப்பது, பிரேக். வேகத்தைக் கூட்டுவது சுக்கானுக்குக் கீழே உள்ள ஒரு கைப்பிடி. இப்படிப்பட்ட வண்டி 1927 மே மாதம் வரையில் ஒரு கோடியே ஐம்பது இலட்சத்துக்கு மேல் விற்றது.

உழவு இயந்திரமும் அதே குடும்பமே. வயலில் பிறந்த ஹென்றி ஃபோர்ட்டுக்குக் காரைவிட அதிலேயே ஆசை அதிகம் என்று சொல்லலாம். அவருடைய ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் 1917 இல் வந்தது. ஆனால் உங்கள் வயலுக்கு நெருக்கமான கதை 1930களின் இறுதியில் நடந்தது. கலப்பையை மூன்று புள்ளிகளில் பிணைத்து நீரழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை, அயர்லாந்துக்காரரான ஹரி ஃபேர்கசன் உருவாக்கியிருந்தார். அவரும் ஃபோர்ட்டும் எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமல், கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1939 இல் இருவர் பெயரிலும் இயந்திரம் வெளிவந்தது. ஹென்றி ஃபோர்ட்டின் பேரன் பொறுப்பேற்றதும் அந்தக் கைகுலுக்கலை முறித்தார். ஃபேர்கசன் வழக்காடி, 1952 இல் தொண்ணூற்றிரண்டரை இலட்சம் டொலர் பெற்றார்; பின்னர் மாசி நிறுவனத்தோடு இணைந்தார். தம்பலகாமத்து வயலில் நீல ஃபோர்ட்டும் சிவப்பு மாசி ஃபேர்கசனும் அருகருகே நின்றால், அவை வழக்காடிப் பிரிந்த பங்காளிகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தொழிலாளருக்கு நாளுக்கு 5 டொலர் கொடுத்த முதலாளி என்று தொழிற்சங்கக் கூட்டத்தில் ஒருவர் ஃபோர்ட்டைப் புகழ்ந்தார். அவர் நல்ல முதலாளியா?
– துறைமுகத் தொழிலாளி, திருக்கடலூர்

கொடுத்தது உண்மை. 1914 சனவரியில், ஒன்பது மணி நேர வேலைக்கு இருந்த 2.34 டொலர் கூலியை, எட்டு மணி நேரத்துக்கு 5 டொலராக்கினார். காரணம் இரக்கம் மட்டுமென்றால் நம்ப முடியாது. நகரும் வரிசையில் நாள் முழுவதும் ஒரே திருகாணியை முறுக்கும் வேலையை ஆட்கள் வெறுத்து விட்டுப் போய்க்கொண்டேயிருந்தார்கள். 1913 இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000க்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது.

அந்த 5 டொலரில் பாதிக்கு மேல் 'இலாபப் பங்கு' என்று பெயர். அதைப் பெறுவதற்குத் தகுதி வேண்டும். குடிக்கிறாரா, வீடு துப்புரவாக இருக்கிறதா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாரா, பணம் சேமிக்கிறாரா என்று பார்க்க நிறுவனம் ஒரு தனிப் பிரிவை வைத்து, தொழிலாளரின் வீடுகளுக்கு ஆட்களை அனுப்பியது. சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து அடுக்களை வரை எட்டிப் பார்த்த முதலாளி என்றே நாம் சொல்லுவோம்.

தொழிற்சங்கத்தை அவர் கடைசி வரை சகிக்கவில்லை. பெருமந்தக் காலத்தில், 1932 மார்ச்சில், வேலையிழந்தவர்கள் ஃபோர்ட்டின் ரூஜ் தொழிற்சாலையை நோக்கி நடத்திய ஊர்வலத்தின்மீது சூடு நடத்தப்பட்டு நால்வர் இறந்தனர். 1937 மே 26 இல், தொழிற்சாலைக்கு முன்னாலிருந்த மேம்பாலத்தில் துண்டுப்பிரசுரம் கொடுக்க வந்த சங்கத் தலைவர்களை நிறுவனத்தின் அடியாட்கள் இரத்தம் வர அடித்தனர். பத்திரிகைப் படங்கள் வெளிவந்ததால் அதை மறைக்க முடியவில்லை. அமெரிக்காவின் மூன்று பெரிய கார் நிறுவனங்களில் சங்கத்தோடு கடைசியாக, 1941 இல், ஒப்பந்தம் செய்தது ஃபோர்ட்தான். 1920களில் தம் சொந்தப் பத்திரிகையில் யூதர்மீது வெறுப்பை விதைத்ததும், 1938 இல் நாசி ஜேர்மனியிடம் விருது வாங்கியதும் அவர் பெயரிலுள்ள கறைகள்; பத்திரிகையில் எழுதியவற்றுக்காக 1927 இல் மன்னிப்புக் கேட்டது அந்தக் கறையைப் போக்கவில்லை. உங்கள் கூட்டத்தில் பேசியவர் 1914 ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டது கெட்டித்தனந்தான்.

இலங்கை இறப்பருக்கும் ஃபோர்ட்டுக்கும் ஏதோ தகராறு இருந்ததாக வாசித்தேன். விளக்க முடியுமா?
– நூலகர், திருகோணமலை நகர்

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தோம். 1876 இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தப்பாயோஸ் நதிக் கரையோரக் காடுகளிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளைச் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினார். அவற்றில் முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் உலகின் இறப்பரில் பெரும் பகுதி இலங்கை, மலாயா உள்ளிட்ட ஆசியத் தோட்டங்களிலிருந்தே போயிற்று. அமெரிக்காவின் கார்கள் இந்த இறப்பரிலேயே உருண்டன.

முதல் உலகப் போருக்குப் பின்னர் இறப்பர் விலை விழுந்தபோது, பிரித்தானிய அரசு 1922 இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து, இலங்கையிலும் மலாயாவிலும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது, இங்கே தோட்ட முதலாளிகள் மகிழ்ந்தார்கள். டெட்ரொயிட்டில் ஹென்றி ஃபோர்ட் கொதித்தார். இரும்புக் கனிமத்தை ஒரு பக்கத்தில் இறக்கி மறுபக்கத்தில் காராக வெளியே விடும் ரூஜ் தொழிற்சாலையைக் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். சுரங்கம் அவருடையது, காடு அவருடையது, கப்பல் அவருடையது. டயர் மட்டும் ஏன் மற்றவர் கையில் இருக்க வேண்டும்?

அதற்காகப் பிரேசிலில், அதே தப்பாயோஸ் நதிக் கரையில், ஏறக்குறைய பத்தாயிரம் சதுர கிலோமீற்றர் காட்டை வாங்கி, 1928 இல் ஃபோர்ட்லாண்டியா என்ற ஊரை அமைக்கத் தொடங்கினார். அமெரிக்க மாதிரி வீடுகள், மருத்துவமனை, தண்ணீர்க் கோபுரம் எல்லாம் எழுந்தன. இறப்பர் மரத்தை அறிந்த ஒருவரை முதலில் கேட்கத்தான் தோன்றவில்லை. காட்டில் அந்த மரங்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் தனித்தனியாக வளர்வதற்குக் காரணம் இருந்தது. நெருக்கமாக வரிசையில் நட்டதும், அந்த மண்ணுக்கே உரிய இலைக்கருகல் பூஞ்சணம் மரத்துக்கு மரம் தாவி முழுத் தோட்டத்தையும் அழித்தது. ஆசியாவுக்கு விதை வந்தபோது அந்தப் பூஞ்சணம் கூட வரவில்லை. நம் தோட்டங்கள் செழித்ததற்கு அது ஒரு பெரிய காரணம். மதுவைத் தடைசெய்து, அமெரிக்க நேரப்படி வேலை வாங்கி, அமெரிக்கச் சாப்பாட்டையும் திணித்ததில், 1930 இறுதியில் தொழிலாளர் உணவுக் கூடத்தை உடைத்துக் கலகம் செய்தார்கள். வரவு பதியும் மணிக்கூடுகளும் தப்பவில்லை. வேறோர் இடத்துக்கு மாற்றி நட்டும் பயனில்லை. கோடிக்கணக்கான டொலரை விழுங்கிய அந்த முயற்சியை 1945 இல் அவருடைய பேரன் அற்ப விலைக்குப் பிரேசில் அரசிடமே திருப்பிக் கொடுத்தார். ஹென்றி ஃபோர்ட் ஒரு தடவையேனும் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் தம் ஒரு கைக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற இந்தக் குணந்தான் மொடல் ரி காரையும் கெடுத்தது. வாங்குபவர்களின் கையில் காசு கூடி, நிறமும் வசதியும் கேட்கத் தொடங்கிய பின்னரும் அவர் இறங்கி வரவில்லை. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஆண்டுதோறும் புது வடிவம், தவணைக் கடன் என்று முந்திக்கொண்டது. கடைசியில் 1927 இல் தொழிற்சாலைகளை மாதக்கணக்கில் மூடிவிட்டு, மொடல் ஏ காரை ஆயத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் சீனன்குடாவில் நின்ற ஜீப்புகள் ஃபோர்ட் செய்தவை என்கிறார் என் மாமா. ஜீப் என்றால் வில்லிஸ் அல்லவா?
– வாகனத் திருத்துநர், சீனன்குடா

அமெரிக்க இராணுவம் கேட்ட சிறு வண்டியை 1940 இல் முதலில் செய்து காட்டியது பான்ரம் என்ற சின்ன நிறுவனம். எஞ்சினில் வென்றது வில்லிஸ். வில்லிஸ் தனியே அவ்வளவு தொகையைச் செய்ய முடியாது என்பதால், அதே வரைபடத்தை ஃபோர்ட்டிடமும் கொடுத்தார்கள். ஃபோர்ட் செய்த வகைக்கு ஜீ.பீ.டபிள்யூ. என்று பெயர், கடைசி எழுத்து வில்லிஸ் வடிவம் என்பதைக் குறிக்கும். சுமார் 2,77,000 ஜீப்புகளை ஃபோர்ட் செய்தது. தகட்டை அழுத்திச் செங்குத்துத் துளைகளோடு செய்த அந்த முன்முகம் ஃபோர்ட் கொண்டுவந்தது. பின்னர் வில்லிஸும் அதை எடுத்துக்கொண்டது.

மாமா சொன்ன வண்டி எங்காவது மிஞ்சியிருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். திருகாணித் தலைகளைத் துடைத்துப் பாருங்கள். ஃபோர்ட், தான் செய்த சின்னஞ்சிறு திருகாணியிலும் தன் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைப் பதித்தது.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்களில் இருந்தவை றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் எஞ்சின்கள். அந்த வகை எஞ்சினில் 30,000க்கும் மேற்பட்டவற்றை மான்செஸ்டரில் ஃபோர்ட் செய்துகொடுத்தது. வரைபடங்களைப் பார்த்த ஃபோர்ட் பொறியியலாளர்கள், இந்த அளவுகளுக்கு எங்களால் செய்ய முடியாது என்றார்களாம். அவ்வளவு நுட்பமா என்று றோல்ஸ் றொய்ஸ்காரர்கள் பெருமையோடு கேட்க, நுட்பம் போதாது, அளவுகளில் இவ்வளவு தளர்வு விட்டால் ஒவ்வொன்றையும் அரத்தால் உராய்ந்து பொருத்த வேண்டிவரும், எங்களிடம் அதற்கு ஆளில்லை என்று பதில் வந்ததாம். உங்கள் கராச்சில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருப்பார்கள்.

ஃபோர்ட் செய்ததில் மிக நல்ல கார் எது, மிக மோசமான கார் எது?
– உயர்தர மாணவன், உப்புவெளி

தம்பி, விற்பனையை வைத்துச் சொன்னால், 1957 செப்ரெம்பரில் பெரும் ஆரவாரத்தோடு வந்த எட்சல் போல விழுந்தது வேறில்லை. ஹென்றி ஃபோர்ட்டின் காலஞ்சென்ற மகனுடைய பெயரை அதற்கு வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் மூடினார்கள். நட்டம் சுமார் 25 கோடி டொலர். ஆனால் மோசம் என்ற சொல்லை நாம் பின்ரோவுக்கு வைத்திருக்கிறோம். 1970 இல் வந்த அந்தச் சிறு காரில், பின்னால் இடிபட்டால் பெற்றோல் தாங்கி உடைந்து தீப்பற்றும் குறை இருந்தது. எரிபொருள் கசிவைத் தடுக்க ஆகும் செலவையும், ஓர் உயிருக்கு 2,00,000 டொலர் என்று மதிப்பிட்ட நட்டத்தையும் ஒப்பிட்டு நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட கணக்கு வெளியே வந்தபோது அமெரிக்கா அதிர்ந்தது. 1978 இல் 15 இலட்சம் கார்களைத் திருப்பி அழைத்துத் திருத்தினார்கள்.

நல்ல கார் என்று நீ எதிர்பார்ப்பது மஸ்டாங் என்பது கடிதத்தின் மூலையில் நீ வரைந்திருந்த குதிரையிலிருந்தே தெரிகிறது. 1964 ஏப்ரல் 17 இல் 2,368 டொலருக்கு வந்து, முதல் நாளிலேயே 22,000 கட்டளைகளைப் பெற்றது. அடியில் இருந்தது ஃபல்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் உறுப்புகள். மேலே இளைஞருக்கான உடை. 1966 இல் பிரான்ஸின் லு மான் கார்ப் பந்தயத்தில் ஃபெராரியைத் தோற்கடித்து முதல் மூன்று இடங்களையும் பிடித்த ஜீ.ரி.40 தான் உண்மையில் வியக்கத்தக்க வண்டி. ஆனால் அதில் சந்தைக்குப் போக முடியாது.

அமெரிக்காவில் அதிகம் விற்பது ஃபோர்ட் கெப் வாகனம் என்கிறார்கள். நம் வீதியில் ஏன் அது இல்லை? ரேஞ்சர் டபிள் கெப் அமெரிக்காவிலிருந்தா வருகிறது?
– வாடகை வாகனச் சாரதி, நிலாவெளி

நீங்கள் சொல்வது எஃப் வரிசை. 1948 இல் தொடங்கியது, 1977 முதல் அமெரிக்காவின் மிகக் கூடுதலாக விற்கும் கெப் அதுவே. அதன் அகலத்துக்கு நிலாவெளிச் சந்துக்குள் திருப்ப முடியாது, சுக்கானும் இடப்பக்கம். நம் ரேஞ்சர் தாய்லாந்தின் ரயோங் தொழிற்சாலையில் பிறந்த குடும்பம். அங்கே 1998 முதல் ஃபோர்ட்டும் மஸ்டாவும் சேர்ந்து கெப் செய்தன. ஒருகாலத்தில் இங்கே ஓடிய ஃபோர்ட் லேசர் காருக்குள் இருந்ததும் மஸ்டா 323 தான். தமிழ் பேசும் கைகளும் ஃபோர்ட் செய்ததுண்டு: சென்னைக்கு அருகே மறைமலை நகரில் 1999 இல் ஐகான் தொடங்கி, 2022 வரையில் அங்கே கார்கள் செய்யப்பட்டன.

2009 இல் மற்ற அமெரிக்கக் கார்க் கம்பனிகள் முறிந்தபோது ஃபோர்ட் மட்டும் தப்பியது எப்படி?
– வங்கி ஊழியர், அன்புவழிபுரம்

உங்கள் தொழில்தான் காப்பாற்றியது. 2006 இறுதியில், கடன் எளிதாகக் கிடைத்த காலத்திலேயே, தொழிற்சாலைகளை மட்டுமல்ல, நீல முட்டை வடிவச் சின்னத்தையும் ஈடு வைத்து 2,360 கோடி டொலர் கடன் திரட்டினார்கள். போயிங் விமான நிறுவனத்திலிருந்து வந்த அலன் முலாலி தலைமை வகித்தார். ஜகுவாரையும் லாண்ட் ரோவரையும் 2008 இல் டாட்டாவுக்கு விற்றார்கள். அடகு வைத்த சின்னம் 2012 இல் மீண்டது.

இடம்பெயர்ந்து போனபோது வளவில் விட்டுப்போன அப்பாவின் 1956 ஃபோர்ட் அங்கிலியா, வேப்பமரத்தடியில் அப்படியே நிற்கிறது. பற்றறி போட்டு ஸ்ராட் பண்ணிப் பார்க்கலாமா?
– வாசகி, சாம்பல்தீவு

தயவுசெய்து பற்றறியைத் தொடாதீர்கள், தங்கச்சி. பல ஆண்டுகள் நின்ற எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையங்கள் உருளைச் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பலவந்தமாகச் சுழற்றினால் வளையம் உடையும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு ஒரு கிழமையாவது ஊறவிடுங்கள். பிறகு முன்னால் கைப்பிடி போட்டு, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1172 கனசென்றிமீற்றர் கொண்ட அந்தப் பக்க வால்வு எஞ்சின் எளிமையானது. அசைந்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவாமல் புதிய பெற்றோல் விட வேண்டாம்.

எமக்குக் கவலை எஞ்சினைப் பற்றியதல்ல. 1953 இல் வந்த அந்த அங்கிலியாவில் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கடல் உப்புக் காற்று படும் சாம்பல்தீவில் அது என்னவாகியிருக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பொனற்றைத் திறந்து, இரு பக்கமும் முன் சில்லுகளுக்கு மேலே அதிர்வுதாங்கி வந்து முட்டும் இடத்தைத் திருகாணி முடுக்கியால் தட்டிப் பாருங்கள். ணங் என்று கேட்டால் செலவு செய்யலாம். பொத்துக்கொண்டு உள்ளே போனால், ஒட்டு வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டிவிட்டு முடிவெடுங்கள். எதுவானாலும் பதிவுப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே தேடத் தொடங்குங்கள். அம்மாவின் பழைய றங்குப் பெட்டியின் அடியில் முதலில் பாருங்கள்.